கடலுக்கு மேற்கே மூன்று சென்ட்

எங்கள் சங்கத்தில் நாற்பத்தொரு ஓட்டு. இருபத்தொன்று விழுந்தால் மூன்று வருடத்துக்குச் செயலாளர். சார்பதிவகத்துக்கு எதிரே, தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர்களின் சங்கம் அது. கேட்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் செயலாளர் என்றால் பதிவாளர் அறைக்குள் கூப்பிடாமலே போகலாம். கணினி மக்கர் செய்து டோக்கன் நின்றுபோனால் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். உள்ளே போனால் உட்கார ஒரு நாற்காலி உண்டு. இருபது வருடம் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று "சார், சார்" என்று கூப்பிட்டவன் நான். அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று வருடம் உட்கார்ந்த பிறகு, திரும்பவும் ஜன்னலுக்கு வெளியே போய் நிற்க என் முதுகு ஒப்பவில்லை. மறுபடியும் போட்டியிட்டதற்கு வேறு காரணம் சொன்னால் அது பொய்.

வெளியே சொன்ன காரணம் வேறு. அது நான் கொண்டுவந்த ஒரு விதி.

எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு உண்டு. சொத்துக்கு நான்கு எல்லை எழுத வேண்டும். நிலத்தைப் போய்ப் பார்த்து எழுதுவதில்லை. பழைய தாய்ப்பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதிவிடுவோம். அதை எழுதியவரும் அவருக்கு முந்தியவரைப் பார்த்து எழுதியவர்தான். அதனால் இந்த ஊரில் பத்திரப்படி பலர் செத்துப்போனவர்களுக்கு வடக்கே குடியிருக்கிறார்கள். வெட்டி விறகாகிப்போன புளியமரத்துக்குத் தெற்கே பலர் வீடு கட்டியிருக்கிறார்கள். உப்பளத்துக்குக் கிழக்கு என்று நாங்கள் எழுதிக்கொண்டே இருப்போம்; போய்ப் பார்த்தால் அங்கே கன்டெய்னர் யார்டு. லாரிகள் வரிசையாக நிற்கும். பத்திரத்தில் மட்டும் உப்பு விளைந்துகொண்டிருக்கும்.

செயலாளரான முதல் வருடம் தீர்மானம் கொண்டுவந்தேன். நிலத்தை நேரில் பார்க்காமல் யாரும் எல்லை எழுதக் கூடாது. எழுதியது தெரிந்தால் கொட்டகையில் தொங்கும் கரும்பலகையில் அவர் பெயர் ஒரு மாதம் இருக்கும். கை தூக்கினார்கள். அப்போது நான் புதியவன், என் குரலில் நம்பிக்கை இருந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் மூன்று பெயர்களை எழுதினேன். என் கையெழுத்து அழகானது என்று சொல்வார்கள். அந்த மூன்று பெயர்களையும் அழகாகவே எழுதினேன்.

மூன்றாவது பெயர்க்காரர்தான் இந்த முறை என்னை எதிர்த்து நின்றவர். என்னோடு ஒரே வருடம் உரிமம் வாங்கியவர். பக்கத்து மேசை. தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, டீ கிளாஸை என் மேசையிலேயே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏ வே, ஒரு நாளைக்கு நாலு பத்திரம் வருது. நாலு ஊருக்கும் நான் பஸ் ஏறிப் போனா இங்கன உக்காந்து எவன் வே எழுதுவான்?"

"பேரை போர்டுல எழுதினது இன்னும் மனசுல கெடக்கோ?"

"சேச்சே. எம் மகளைப் பாத்துட்டுப் போன மாப்பிள்ளையோட அப்பன், வில்லங்கம் போட வந்த எடத்துல அந்த போர்டைப் படிச்சிட்டுப் போயிருக்கான். பொறவு ஒரு போன் கெடையாது. மனசுல ஒண்ணுமில்ல வே. ஓட்டுதான் இல்ல."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அந்தச் சம்பந்தம் பிறகு கூடவே இல்லை என்று கேள்விப்பட்டேன். விதி என்றால் விதி என்று அன்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

தேர்தல் திங்கட்கிழமை, அலுவலகம் முடிந்த பிறகு. அதற்கு முந்திய வியாழக்கிழமை, காலை பதினொரு மணி வெயிலில், கொட்டகைக்கு முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். தருவைகுளம் பஸ் போகிற வழியில் ஒரு கடற்கரை ஊர் அவளுக்கு. இன்னும் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு கருவாடு போட்டு விற்கிறவள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பத்திரம்.

"அண்ணாச்சி, ரெண்டு வருசத்துக்கு முன்னால நீங்கதான் எழுதுனிய. எங்கம்மா எனக்குக் குடுத்த தான செட்டில்மெண்டு."

"ஆமா. என்ன இப்ப?"

"பட்டாவுக்கு எழுதிப் போட்டேன். சர்வேயர் வந்து அளந்தாரு. எல்லையைப் பாத்தா கடல் வரைக்கும் போவுது, அளவைப் பாத்தா வீட்டோட நிக்குது, ரெண்டுல எது சரின்னு எழுதினவர்ட்டயே கேளுன்னு சொல்லுதாரு."

பத்திரத்தை வாங்கி சொத்து விவரப் பக்கத்தைத் திருப்பினேன். தெருவுக்குக் கிழக்கு, கடலுக்கு மேற்கு. மூன்று சென்ட்.

படித்த உடனே தெரிந்துவிட்டது. அன்று எனக்கு மாவட்டச் சங்கக் கூட்டம் இருந்தது. விதி கொண்டுவந்த செயலாளர் என்று என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஊருக்குப் போக நேரமில்லை. வாட்ஸப்பில் வீட்டின் போட்டோ கேட்டேன். வாசலில் நின்று எடுத்து அனுப்பினாள். போனில் கேட்டேன், வீடு எத்தனை சென்ட்? மூணு என்றாள். கேட்டதற்குச் சரியான பதில். எல்லையைத் தாய்ப்பத்திரத்தில் பார்த்து எழுதிவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் கடல் வரை இன்னொரு மூன்று சென்ட் கருவாட்டுக் களம் இருப்பதை அந்த போட்டோ காட்டவில்லை. வீட்டின் முதுகை யாரும் போட்டோ எடுப்பதில்லை. எழுதி முடித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போய், நிலத்தைப் பார்க்காமல் எழுதுகிறவன் குருடன் என்று பேசினேன். கை தட்டினார்கள்.

இதைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. பிழைதிருத்தல் பத்திரம் ஒன்று, இரண்டு பக்கம். எழுதிக் கொடுத்தவர் வந்து ரேகை வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எழுதிக் கொடுத்தவர் ஆட்டோவுக்குள்ளேயே இருந்தார். அவள் அம்மா. கால் இரண்டும் வீங்கி, பின் சீட்டில் சாய்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஏளா, எங்கன ரேகை வைக்கணும்? சட்டுனு கேட்டுட்டு வாளா, வெக்கை தாங்கல."

என்னைப் பார்த்ததும் கட்டைவிரலை நீட்டினார். மையே இல்லை, பத்திரமே இல்லை, அதற்குள் விரல் தயாராக இருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் கண்ணாடிக்கு மேலாக ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயரும் உரிம எண்ணும் போட்ட பிழைதிருத்தல் டோக்கனுக்குப் போனால் மத்தியானத்துக்குள் நாற்பது பேருக்கும் தெரிந்துவிடும். என் விதிப்படி என் பெயரை நானே பலகையில் எழுத வேண்டும். தேர்தலுக்கு நான்கு நாள். என் மனது கணக்கில் புலி என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். இது எல்லாம் ஒரு மூச்சு விடுவதற்குள் ஓடி முடிந்தது.

"இன்னைக்கு சர்வர் சரியில்லம்மா" என்றேன். "செவ்வாக்கிழமை பாத்துக்கலாம்."

சர்வர் நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு முன்னாலேயே இரண்டு டோக்கன் நம்பர்களை உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். அவள் அதைக் கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

"அம்மாவை இன்னொரு தடவ ஆட்டோல ஏத்த முடியுமான்னு தெரியல அண்ணாச்சி. நேத்துதான் டயாலிசிஸ் பண்ணிட்டு வந்தோம்."

"நீங்க ஏன் ஏத்தணும்? நான் சங்கச் செயலாளர். ரெஜிஸ்ட்ராரையே வீட்டுக்குக் கூட்டிட்டு வாரேன். செவ்வாக்கிழமை. எம் பொறுப்பு."

இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மட்டும் நான் மறைக்க மாட்டேன். ஏமாற்றுகிறவனுக்கு உள்ளே கூச்சம் இருக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சு விரிந்தது. அந்த அம்மா நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு, "நல்லாயிருப்பிய தம்பி" என்றார். ஆட்டோ திரும்பிப் போனது. உடனே பக்கத்து மேசைக்காரர் கேட்டார், "யாரு வே, கேஸு?" "பழைய பார்ட்டி. பட்டா விசயம்" என்றேன். அது இரண்டாவது பொய். பிறகு எண்ணவில்லை.

வெள்ளியும் சனியும் ஞாயிறும் ஓட்டுக் கேட்டுப் போனேன். ஒரு வீட்டில் மோர் தந்தார்கள், ஒரு வீட்டில் அவர்கள் பையன் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதித் தரச் சொன்னார்கள். எல்லா வீட்டிலும் நேர்மை என்ற சொல்லை உபயோகித்தேன். உபயோகித்து உபயோகித்து அது பழைய சோப்பு மாதிரி மெலிந்துவிட்டது. திங்கள் மாலை பெட்டியைத் திறந்தார்கள். எனக்கு இருபத்திரண்டு, அவருக்குப் பதினெட்டு, ஒன்று செல்லாது. துண்டு போட்டார்கள். சேவும் டீயும் வந்தது. அவர் வந்து கை கொடுத்தார்.

"செயிச்சிட்டீரு வே. இனி மூணு வருசம் எல்லாவனும் பஸ் ஏற வேண்டியதுதான்."

செவ்வாய் காலை, பதிவாளர் மேசைக்கு எதிரே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுப் பதிவுக்கு மனு ஒன்று எழுதி வைத்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டேன்.

"அம்மா சனிக்கிழமை மத்தியானமே போய்ட்டா அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அடக்கம் பண்ணியாச்சு."

மனுவை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் வாரிசுகள் எல்லோரும் ஒப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். வாரிசு இரண்டு பேர். இவள், இவள் தம்பி. தம்பி கப்பலில் வேலை செய்கிறவன், விடுமுறையில் வந்த இடத்தில் தாயைப் புதைத்திருந்தான். அவனுக்கும் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினான்.

"நீங்க எழுதுனது மூணு சென்டுதான அண்ணாச்சி?"

"நான் தப்பா எழுதிட்டேன் தம்பி. களத்தையும் சேத்து அக்காவுக்குக் குடுக்கணும்னுதான் அம்மா நெனச்சாவ."

"நெனச்சதை எழுதியிருக்கணும்லா? வீட்டை அவளுக்குக் குடுத்தப்ப நான் ஒரு வார்த்தை கேக்கல. மிச்சம் இருக்கதுல எனக்குப் பாதி உண்டா இல்லையா? நீங்களே சட்டம் சொல்லுங்க."

சட்டப்படி உண்டு. கோர்ட்டுக்குப் போனால் அளவைவிட எல்லையே பெரிது என்று இவள் பக்கம் வாதாடலாம். பத்து வருடம் வாதாடலாம். களத்தில் காயும் மீனுக்கு இரண்டு நாள்தான் ஆயுள். அவன் கெட்டவனும் இல்லை. நான் விட்டுவைத்த இடத்தில் கால் வைத்தான், அவ்வளவுதான்.

புதன்கிழமை காலையில் எல்லோருக்கும் முந்திக் கொட்டகைக்கு வந்து, பலகையில் என் பெயரை எழுதினேன். வழக்கம்போல அழகாக வந்தது. பக்கத்து மேசைக்காரர் வந்து, குடையை மாட்டிவிட்டு, நின்று படித்தார்.

"ஏன் வே, பதவிப்பிரமாணம் முடிஞ்ச பொறவா பாவமன்னிப்பு?"

கொட்டகையே சிரித்தது. நான் எதிர்பார்த்தது அதைத்தான். அதோடு நின்றிருந்தால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். ஆனால் மத்தியானத்துக்குள் பேச்சு மாறிவிட்டது. "தம் பேரையே எழுதிட்டாரு பாத்தியா, இவருல்லா மனுசன்" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் தலையாட்ட, பதிவாளர் என்னைக் கூப்பிட்டு இதெல்லாம் யாருக்கு வரும் என்றார். என்ன பிழை, யாருடைய நிலம், அவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேனா என்று எனக்கும் தெரியாது. ஒரு மாதம் கழித்து யாரோ துடைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த ஊருக்கு பஸ் ஏறினேன். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இல்லாமல்போன நாற்பது நிமிடம்.

தெருவைத் தாண்டி, போட்டோவில் பார்த்த அதே வாசல். பக்கவாட்டில் நடந்து பின்னால் போனேன். வீட்டின் முதுகு முடிகிற இடத்திலிருந்து களம். தரையில் வலை விரித்து நெத்திலி, அதற்கு அப்பால் கம்புகளில் கீறித் தொங்கவிட்ட சீலா மீன். அதற்கு அப்பால் கடல், எந்தப் பத்திரத்தையும் படிக்காமல். களத்தின் குறுக்கே புதிதாக நான்கு கல் நட்டிருந்தது. கல்லின் தலையில் மஞ்சள் பெயின்ட் இன்னும் பளபளத்தது. ஐஸ் பாக்டரி போடுகிற ஒருவருக்குத் தன் பாதியைக் கொடுக்கத் தம்பி பேசியிருக்கிறான் என்றும், ஈஸ்டர் வரைக்கும் காயப்போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறான் என்றும் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணே என்னிடம் சொன்னாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

அன்று பத்திரத்தோடு வந்தவள் குனிந்து மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் வேணுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தப்பு என்னுடையது என்று சொல்லவே வந்திருந்தேன். வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

"அன்னைக்கு ஒங்க ஆபீசு வாசல்ல நோட்டீசு ஒட்டியிருந்துச்சு. தேர்தல்னு. செயிச்சியளா?"

"செயிச்சேன்."

"எத்தனை ஓட்டுல?"

"நாலு."

கோபம் வரும் என்று நின்றேன். வந்திருந்தால் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பேன். அவள் மறுபடி குனிந்து அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.

"அங்கன மிதிக்காதிய அண்ணாச்சி" என்றாள். "அது இன்னும் காயல."