நெடியில்லாத வத்தல்

ஆலங்குடிச் சந்தை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்கள். மிளகாய்க் கடை முன்னால் கூட்டம். நடுவில் ஒரு பெண், டீக்கடையிலிருந்து வாங்கிவந்த கரியடுப்பைத் தரையில் வைத்து விசிறிக்கொண்டிருக்கிறாள்.

கடையில் இரண்டு குவியல்கள். ஒன்று ஒல்லியான காரவத்தல். மற்றது புதிதாக வந்த ரகம். கட்டைவிரல் பருமன், நல்ல சிவப்பு. ஒன்றைக் கடித்துப் பார்க்கிறேன். இனிக்கிறது. காரம் பேருக்குக்கூட இல்லை.

"என்னம்மா நடக்குது?" என்று அவளிடம் கேட்கிறேன்.

"பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் காய்ச்சலுங்க. அதுக்கு மொத நாளு நான் தூக்கிக் கொஞ்சினேன். வத்தலைச் சுத்தி அடுப்புல போட்டுருக்காங்க, நெடியே வரலை. அதனால கண்ணு பட்டது நெசமாம், அதுவும் என் கண்ணாம். என்னயப் பாத்தாலே கதவைச் சாத்துறாங்க. அந்த வத்தலு இந்தக் கடையில வாங்குனதுங்க."

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அடிக்கட்டும்.

பருத்த வத்தலில் ஐந்தை எடுத்து, யாரையும் சுற்றாமல் நெருப்பில் போடுகிறாள். கருகுகிறது. ஒருவரும் இருமவில்லை. அடுத்து ஒல்லி வத்தல், ஒன்றே ஒன்று. கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு சிதறுகிறது. எனக்குக் கண்ணீர் கொட்டுகிறது.

கடைக்காரர் இருமிக்கொண்டே, "அதான் தெரிஞ்சுபோச்சுல்ல, வீட்டுக்குப் போ தாயி" என்கிறார்.

அவள் நகரவில்லை. முந்தானையை விரித்துப் பிடிக்கிறாள்.

"அந்தத் தடிச்ச வத்தல்ல ஒரு வீசை போடுங்க. வீட்டுக்கு வீடு நானே குடுக்கப் போறேன். அவுங்கவுங்க புள்ளையச் சுத்திப் போடட்டும். அப்ப யாரு கண்ணுன்னு சொல்றாங்கன்னு நானும் பாக்குறேன்."