இது யார் வடை

எனக்குப் பிடித்த ஊர் எது என்று கேட்டால் நீடாமங்கலம் என்பேன். அங்கே எனக்குச் சொந்தம் யாரும் இல்லை. ரயில் நிற்கும், வடை கிடைக்கும். அவ்வளவுதான்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். கீழ்வேளூருக்குத் தெற்கே எங்கள் ஊர். வயல்வேலை. வெளியூர் போனது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அதில் தஞ்சாவூர் போனது நன்றாக நினைவிருக்கிறது. நானும் என் மனைவியும் போனோம். வழக்குக்காகப் போனதுதான். ஆனாலும் நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது சாப்பாடு.

வழக்கு என்னவென்றால், நாங்கள் குடிசை போட்டிருந்த மனை. எங்கள் பக்கம் கூலிக்காகச் சண்டை நடந்து கொஞ்சம் ஓய்ந்திருந்த சமயம். ஆட்சி மாறியிருந்தது. பண்ணையில் வேலை செய்கிறவன் எந்த மனையில் குடியிருக்கிறானோ அந்த மனை அவனுக்கே என்று சட்டம் வந்தது. எங்கள் தெருவில் எல்லோரும் எழுதிக் கொடுத்தோம். ஆண்டை வீட்டில் மற்றவர்களை விட்டுவிட்டார்கள். என் மனை வாய்க்கால் ஓரம், களத்துக்குப் பக்கம். அதை மட்டும் விடவில்லை. நான் களத்துக் காவலுக்கு வைத்த ஆள், குடியிருப்பவன் இல்லை என்று சொன்னார்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி என்னைப் பார்த்து, "இது யார் இடம்?" என்றார்.

"ஆண்டை இடங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அதோடு போனது.

நான் பொய் சொல்லவில்லை. பயந்தும் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் முன்னால் ஆண்டையைச் சேர்ப்பது எங்களுக்கு வாய்ப்பழக்கம். ஆண்டை வயல், ஆண்டை குளம், ஆண்டை வாய்க்கால். ஊருக்கு வரும் ரோட்டைக்கூட ஆண்டை ரோடு என்போம். அது சர்க்கார் போட்ட ரோடு.

சங்கத்துத் தோழர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மேல்விசாரணைக்கு எழுதிப் போட்டார். தஞ்சாவூருக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. "இந்தத் தடவ எங்க எடம்னு சொல்லணும் தோழரே. அந்த ஒரு வார்த்தையிலதான் இருக்கு" என்றார். இதுவும் போனால் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான்.

ஆடி மாதக் கடைசி. விடியும்முன் என் மனைவி எழுந்து கட்டுச்சோறு கட்டினாள். புளியைக் கெட்டியாகக் காய்ச்சி, சோற்றை ஆறவிட்டு, நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்தாள். வாழை இலையைத் தணலில் வாட்டிப் பொட்டலமாக மடித்தாள். வீட்டில் இருந்தது ரேஷன் அரிசி. அந்தச் சோறு எங்களுக்குப் பிடிக்காது, சீக்கிரம் குழையும். ஆனால் புளிச்சோற்றுக்கு அது தோதாக இருந்தது. இதை வெளியில் சொன்னதில்லை.

கீழ்வேளூரில் காலை பாசஞ்சர் ஏறினோம். நாகப்பட்டினத்திலிருந்து வருகிற வண்டி. வாசல் பக்கம் மீன்காரம்மா ஒருவர் கூடையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே இடம் கிடைத்தது. கரித்தூள் கண்ணில் விழுந்தது. என் மனைவி ஜன்னலை விடவில்லை.

வண்டி கிளம்பியதும் அவள் ஆரம்பித்தாள்.

"இந்தாய்யா. நான்தான் ஆபீசரு. இது யாரு எடம்?"

"ஆண்..." என்று வந்துவிட்டது. விழுங்கினேன்.

"அங்க போயி இப்படி முழுங்கிக்கிட்டு நின்னீன்னா அவரு விக்கல்னு எழுதிக்குவாரு."

மீன்காரம்மா சிரித்தார். "என்ன தங்கச்சி, பள்ளிக்கூடம் வச்சிருக்கியா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். யாரிடமும் சொல்வாள், அவள் அப்படி. எங்க இடம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை என்றும் சொன்னாள்.

"வராதுதான்" என்றார் மீன்காரம்மா. "கடலு யாருதுன்னு என்னைக் கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன். என்னுதுன்னு சொல்ல முடியுமா? எம் புருஷன் வல போடுற கடலுன்னுதான் சொல்லுவேன்."

"கடலுக்கு யாருக்கா கேசு போடுறா?" என்றாள் என் மனைவி.

"போட்டாலும் போடுவாங்க, இரு."

பசித்தது. ஒரு பொட்டலத்தைப் பிரித்தோம். வாட்டிய இலை வாசமும் புளி வாசமும் பெட்டி முழுக்க வந்தது. மீன்காரம்மாவுக்கு இலை ஓரத்தில் வைத்துக் கொடுத்தோம். அவர் தன் முடிச்சிலிருந்து வறுத்த நெத்திலிக் கருவாடு எடுத்து எங்கள் இலையில் போட்டார். புளிச்சோற்றில் கருவாடு நறுக்கென்று கடிபட்டது.  திருவாரூரில் அவர் இறங்கினார். கூடையை நான் தூக்கிவிட்டேன். "நல்லபடியா சொல்லிட்டு வாங்க தம்பி" என்று சொல்லிப் போனார்.

திருவாரூர் தாண்டினால் வயலைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் கடைமடை. ஆடி முடிகிற நேரத்தில்கூட வாய்க்காலில் தண்ணீர் முழங்காலுக்கு வராது. காய்ந்த வயலை விட்டு வண்டி ஏறினோம். குளிக்கரையில் சேறு அடித்துக்கொண்டிருந்தார்கள். கொரடாச்சேரியில் நாற்றுப் பறித்தார்கள். நீடாமங்கலத்தில் நட்டு முடித்துப் பயிர் பச்சை கட்டியிருந்தது. வண்டி தண்ணீருக்கு எதிராகப் போகிறது. ஒரு காலையில் ஒரு மாத வேலையைப் பார்த்துவிடலாம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறாமை இல்லை. இது நம் ஊருக்கும் வரும், கொஞ்சம் பிந்தி வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீடாமங்கலத்தில் கிராசிங். எதிர் வண்டி வந்தால்தான் இது கிளம்பும். சிலர் இறங்கிக் கால் நீட்டினார்கள். அப்போதுதான் எங்கள் ஜன்னலுக்கு வடைக்காரர் வந்தார். மூங்கில் தட்டில் மசால்வடை, மேலே இலை மூடியிருந்தது. இலைக்குள்ளிருந்து ஆவி வந்தது. என் மனைவி நாலு வாங்கினாள். எனக்கு ஒன்றை நீட்டினாள். நான் கை நீட்டியதும் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இது யாரு வடை?"

"வடைக்காரரு வடை."

"வாங்கியாச்சுல்ல. இப்ப யாரு வடை?"

 வடைக்காரர் நின்று பார்த்தார்.

"அண்ணன் சொன்னது சரிதான்க்கா. காசு வாங்குற வரைக்கும் அது என் வடை. நீங்க இன்னும் குடுக்கல."

பெட்டியே சிரித்தது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைக் கொடுத்தாள். வடையை மறுபடி தூக்கினாள்.

"இப்ப சொல்லு."

"நம்ம வடை."

"காதுல விழல."

"நம்ம வடை."

"சொல்லிட்டாரும்மா, குடுத்துடு. ஆறுது" என்றார் எதிர் சீட்டுக்காரர்.

கொடுத்தாள். ஓரம் மொறுமொறு. உள்ளே பருப்பு பாதி அரைபடாமல் பல்லில் நின்றது. சோம்பு வாசம். அப்புறம் எத்தனையோ இடத்தில் மசால்வடை தின்றிருக்கிறேன். அது மாதிரி இல்லை. கேள்வி கேட்டுக் கொடுத்ததாலோ என்னவோ.

தஞ்சாவூரில் தோழர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். நடந்தே ஆபீசுக்குப் போனோம். வெளியே மரத்தடியில் மீதிப் பொட்டலத்தைத் தின்றோம். என் மனைவி எதுவும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். ஆண்டை பக்கம் வக்கீல் வந்திருந்தார். அதிகாரி பழைய தாளைப் புரட்டினார்.

"போன தடவ ஆண்டை இடம்னு சொல்லியிருக்க. இப்ப கேக்கிறேன், சொல்லு. இது யார் இடம்?"

எங்க இடம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. ஆண்டை என்ற சொல்தான் தொண்டையில் வந்து நின்றது. அதையும் விடவில்லை.  காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. பின்னால் என் மனைவி மூச்சு விடுவதும் கேட்டது. மீன்காரம்மா ஞாபகம் வந்தது.

"நாங்க இருக்கிற எடங்க" என்றேன்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "எப்பலேர்ந்து இருக்கீங்க?"

"எங்கப்பா செத்தப்ப அந்த வாசல்லேர்ந்துதாங்க தூக்குனோம். எம் புள்ளைங்க மூணும் அங்கதாங்க பொறந்துச்சு."

"காவலுக்கு வச்சாங்களா?"

"களத்துல நெல்லு கெடக்குறப்ப எல்லாரும்தாங்க காவலு இருப்போம். மத்த நாளு நாங்க எங்க போறது?"

வக்கீல் ஏதோ சொன்னார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தி எழுதிக்கொண்டார். உத்தரவு தபாலில் வரும் என்றார்கள்.

வெளியே வந்ததும் என் மனைவி சொன்னாள். "எங்க எடம்னு சொல்லு சொல்லுன்னு வழியெல்லாம் சொன்னேன். இருக்கிற எடமாம்."

"அது போதும்மா" என்றார் தோழர். "சட்டமே அதைத்தான் கேக்குது."

அவள் நம்பவில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை.

தோழர் எங்களை ஓட்டலுக்கு அழைத்துப் போனார். பெஞ்சில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. பக்கத்தில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். கத்திரிக்காய் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், ரசம். சோறு உதிரியாக இருந்தது. நல்ல பழைய அரிசி. மோர் டம்ளரில் கொடுத்தார்கள். குடித்துவிட்டு எழுந்தேன். டம்ளரை எடுத்துக்கொண்டு குழாய்ப்பக்கம் போனேன். எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர். குடித்தவன் கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். நான் யோசித்து எடுக்கவில்லை. கை எடுத்தது.

என் மனைவி குழாயடியில் பிடித்துவிட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அது யாரு டம்ளரு?"

"கடைக்காரரு டம்ளரு."

"அப்ப வை."

சப்ளையர் வந்து வாங்கிக்கொண்டார். "நீங்க கைய மட்டும் கழுவுங்க அண்ணே" என்றார். கையைக் கழுவினேன்.

சாயங்கால வண்டியில் திரும்பினோம். நீடாமங்கலத்தில் மறுபடி கிராசிங். அதே வடைக்காரர். ஆளுக்கு ஒன்று வாங்கினோம். சூடு இல்லை, காலையில் சுட்டது. அவள் எதுவும் கேட்காமல் கையில் கொடுத்தாள். நீடாமங்கலத்துப் பச்சை முடிந்து, நாற்று முடிந்து, சேறு முடிந்து, எங்கள் ஊர்க் காய்ந்த வயல் வந்தது. இறங்கினோம்.

தண்ணீர் பிந்தித்தான் வந்தது. நட்டோம். தை அறுப்பு முடிந்த பிறகு உத்தரவு வந்தது. தோழர் வாசலில் நின்று படித்தார். மனை எங்களுக்கு. நான் தலையாட்டினேன். என் மனைவி உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

மாசியில் ஒரு நாள் கூரையில் புது வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தேன். பழைய கூரை இரண்டு வருஷமாக ஒழுகியது. பிரிக்கப்போகிற குடிசைக்கு யார் கூரை மாற்றுவார்கள் என்று விட்டிருந்தேன். முதுகு வாசல் பக்கம். கீழே ஆள் சத்தம் கேட்டது.

"யார் வீடு இது?"

"என் வீடு. நில்லுங்க, எறங்கி வர்றேன்."

இறங்கிப் பார்த்தேன். சர்வேயரும் சங்கிலி பிடிக்கிற ஆளும். மனையை அளக்க வந்திருந்தார்கள். வாய்க்கால் ஓரத்திலிருந்து களத்து வரப்பு வரை அளந்தார்கள். நாலு மூலையிலும் கல் நட்டார்கள். நீர்மோர் கொடுத்தாள் என் மனைவி. குடித்துவிட்டு டம்ளரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

அவள் டம்ளரை எடுத்தாள். உள்ளே போகவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. இந்த ரெண்டு வார்த்தைய வரவழைக்க எத்தன வடை செலவாயிருக்கு."

"நாலு."

"திரும்பி வர்றப்ப தின்னத விட்டுட்டியே" என்றாள்.