ஆற்றங்கரையில் ஆறின டீ

போன மாதம் என்னை ஒரு கமிட்டியில் போட்டார்கள். டீ குடிக்கிற கமிட்டி. சிரிக்காதீர்கள், நிஜம்!

ஆம்பூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பாலாற்றங்கரையை அழகுபடுத்துகிறார்கள். நடைபாதை, கலர் விளக்கு, செல்ஃபி எடுக்க ஊர்ப் பெயரில் ஆளுயர எழுத்துகள், படகுத்துறை... எல்லாம் வந்துவிட்டது. தண்ணீர்தான் பாக்கி. படகுத்துறையின் கடைசிப் படியில் நின்றால் எதிரே மணலும் கிரிக்கெட்டும்தான்.

கரையில் கடை போட ஒரு விதி — 'பாரம்பரியம்' இருந்தால்தான் இடம். இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். பெங்களூரிலிருந்து வந்த ஆலோசகர் அம்மா, ஒரு அதிகாரி, உள்ளூர் எழுத்தாளன் என்ற பெயரில் நான்... மூன்று பேரும் ருசி பார்த்து முடிவு சொல்ல வேண்டும்.

மேரியக்காவின் டீக்கடை அங்கே பல வருஷமாக இருக்கிறது. எதிரே ஷூ கம்பெனி. அதில் தையல் லைனில் இருந்தவர்தான் அக்கா. முழங்கால் வலி வந்து வேலையை விட்டதிலிருந்து இந்தக் கடைதான் சோறு போடுகிறது. இடம் போனால்?

முதல் நாளே போய் உபதேசம் செய்தேன். எதையும் மாற்றாதீர்கள், இருக்கிறபடியே இருங்கள், அதுதான் ஒரிஜினல் என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார் நீங்க... ஒரிஜினலா இருந்தா எவன் எடம் குடுப்பான்?"

மறுநாள் கமிட்டியோடு போனால் கடையே அடையாளம் தெரியவில்லை. கேஸ் அடுப்பு தார்ப்பாய்க்குள் ஒளிந்திருந்தது. மண் அடுப்பு, மண் குவளை, வாடகைக்கு எடுத்த பித்தளை அண்டா, கூரையில் தென்னங்கீற்று. அக்கா கண்டாங்கிச் சேலையில்! எங்கள் பக்கம் யார் வீட்டில் கண்டாங்கி கட்டினார்கள்? ஏதோ சினிமாவில் பார்த்திருப்பார். ஆலோசகர் அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. போட்டோ எடுத்துத் தள்ளினார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது — கம்பெனியின் டீ பிரேக் நெருங்கும் வரை.

எங்கள் ஊர் டீக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக் பத்தே நிமிஷம். கேட்டைத் தாண்டி வந்து, குடித்து, திரும்பி ஓட வேண்டும். ஊதிக் குடிக்க நேரம் ஏது? அதனால் மணி அடிப்பதற்கு முன்பே டீயை வரிசையாக ஊற்றி ஆற வைத்துவிடுவார்கள். அக்காவின் கை அது பாட்டுக்கு அந்த வேலையைச் செய்துவிட்டது. கண்டாங்கி கட்டினால் பழக்கம் விட்டுவிடுமா?

ஆலோசகர் அம்மா ஒரு குவளையை எடுத்து வாயில் வைத்தார். முகம் சுருங்கியது. ஆடை படிந்த, ஆறிப்போன டீ. அதிகாரி பேனாவை மூடினார். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, கடை போச்சு என்றே நினைத்தேன்.

மணி அடித்தது. நீலக் கோட்டு போட்ட பெண்கள் திபுதிபுவென்று வந்தார்கள். ஒரே மடக்கு. குவளையை வைத்தார்கள், ஓடினார்கள். ஆலோசகர் அம்மா ஒரு பெண்ணை மறித்து, வீடியோவுக்காக இன்னொரு தடவை மெதுவாகக் குடிக்கச் சொன்னார்.

"மெதுவா குடிச்சா லைன் நின்னுடும் மேடம். சம்பளத்துல புடிப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே அவளும் ஓடிவிட்டாள்.

ஆலோசகர் அம்மாவும் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தார். இதுதான் இந்த ஊர், மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்றார். அக்காவுக்கு இடம் கிடைத்தது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. போர்டும் அவர்களே வைத்துக் கொடுத்தார்கள்: 'பாரம்பரிய ஆறின டீ'.

இந்த ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். கம்பெனி லீவு. ஆனாலும் கடை முன்னால் கூட்டம் — வேலூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வந்தவர்கள். அண்டாவும் கண்டாங்கியும் போய், பழைய கண்ணாடி கிளாஸும் கேஸ் அடுப்பும் திரும்பியிருந்தன. அக்கா வரிசையாக ஊற்றி ஆற வைத்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்குத்தான் மணியே அடிக்காதே, எனக்காவது சூடாக ஒன்று கொடுங்கள் என்றேன்.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சூடா வேணும்னா பஸ் ஸ்டாண்டாண்ட போங்க சார். இங்க ஒரிஜினல் மட்டும்தான்."