மைதானத்து ஓரத்தில் கழற்றிய பூட்ஸ்

உங்கள் குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கத்தை, இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள் பிள்ளைகளே. தடித்த கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படும். எங்கள் பக்கம் அதைக் குதிகால் நரம்பு என்போம். ஆஸ்பத்திரியில் தசைநார் என்றார்கள். ஓடுவது, குதிப்பது, எட்டிப் பறிப்பது எல்லாம் அதன் தயவில்தான். இது தெரியாமலே எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

நான் ஆட்டக்காரன் இல்லை. போத்தனூர்ப் பக்கம் பம்பு செய்யும் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். மகளைக் கும்மி வகுப்பில் விடப் போய், ஓரத்தில் நின்று பார்த்துப் பார்த்து, ஒரு சாயங்காலம் நானும் வரிசையில் சேர்ந்துவிட்டேன். என்னைப் போலப் பெரியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பகலெல்லாம் இரும்பையே பார்த்து நின்ற உடம்பு பாட்டுக்குக் கைதட்டிக் குதிக்கும்போது என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தாலும் பாதம் தாளம் போடும்.

அரங்கேற்றத்துக்கு நாள் குறித்திருந்த சமயம். பழகிக்கொண்டிருக்கும்போது பின்னங்காலில் யாரோ ஓங்கி உதைத்தது போல இருந்தது. ‘பட்’டென்று சத்தமும் கேட்டது. எனக்குப் பின்னால் ஆடியவர் வாழைக்காய் வியாபாரி, நல்ல பருமன்.

“ஏனுங்க, இப்படியா ஒதைப்பீங்க?” என்றேன்.

“நானெதுக்குங்க உங்களை ஒதைக்கோணும்? ஒதைக்கறதா இருந்தா சொல்லிப்போட்டு ஒதைப்பனுங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அடுத்த அடி வைத்தேன். கால் ஈரத்துணி மாதிரி மடங்கியது. யாரும் உதைக்கவில்லை. நரம்பு அறுந்திருந்தது.

ஆபரேஷன் செய்து, பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். அதைப் பிரித்தபோது என் கெண்டைக்கால் எங்கே போனது என்று தேடினேன். எலும்பின் மேல் தோல் தொங்கியது. அடுத்து ஒரு பெரிய பூட்ஸ். குதிகாலைத் தூக்கி வைக்க உள்ளே மெத்தை. “ஊட்டுக்குள்ளயும் இதைப் போட்டுத்தான் நடக்கோணுமுங்க. வெறுங்காலைத் தரையில வெச்சுப்போடாதீங்க” என்றார் டாக்டர். மறுபடி ஆட முடியுமா என்று கேட்டேன். “சொன்னபடி கேட்டீங்கன்னா ஆடலாமுங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சம்பளமில்லாமல் கட்டிலில் கிடந்தேன்.

அரங்கேற்றம் வந்தது. மகள் ஆடுகிறாள், பார்க்கப் போனேன். கோயில் மைதானத்தைக் கொத்திச் சமப்படுத்தி, தண்ணீர் தெளித்து, நடுவில் குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். ஓரத்தில் செருப்புகள் குவிந்து கிடந்தன. சொல்லிக் கொடுத்த ஆசிரியர் மைக்கில், “நம்ம கூடப் பழகுனவரு, அடிபட்டும் வந்திருக்காரு. உள்ள வாங்க, ஒரு துண்டு போர்த்தோணும்” என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் குனிந்து பூட்ஸின் பட்டையைப் பிரித்தேன்.

“ஏனுங்க, டாக்டர் என்ன சொன்னாரு?” என்று என் மனைவி கையைப் பிடித்தாள்.

“வெளக்கு வெச்ச எடத்துல பூட்ஸோட எப்படி நிக்கறது அம்மணி? நாலு எட்டுத்தான், வந்தர்றேன்.”

பூட்ஸோடு வராதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை பிள்ளைகளே. சொல்லியிருக்கவும் மாட்டார்கள். பிறந்ததிலிருந்து வாசலில் கழற்றிப் பழகிய கை, தானாகக் கழற்றியது. கொத்திவிட்ட மண் பொதுபொதுவென்று இருந்தது. ஓரிடத்தில் குதிகால் உள்ளே இறங்கி, விரல்கள் மேலே நிமிர்ந்தன. இந்தத் தடவை சத்தமே இல்லை. உள்ளே ஏதோ சூடாக இழுபட்டது, அவ்வளவுதான். துண்டைப் போர்த்திக்கொண்டு கும்பிட்டேன். கைதட்டினார்கள்.

வாரக்கணக்கில் பயிற்சி செய்தும் காலுக்குப் பலம் வரவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்து டாக்டர் சொன்னார்: “அறுகலீங்க. நீண்டு போச்சு. கயிறு தொளதொளன்னு இருந்தா, சதை எத்தனை இழுத்தாலும் குதிகாலுக்கு வந்து சேராதுங்க.” நடக்கலாம், லேத்தில் நிற்கலாம். குதிக்க முடியாது. இன்னொரு ஆபரேஷன் செய்தாலும் சரியாகும் என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. எல்லாம் கேட்டுவிட்டும் நான் நம்பவில்லை. தினமும் சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி உன்னிப் பார்ப்பேன்.

ஒரு நாள் மகள் வகுப்புக்குக் கிளம்பி வந்தவள், நான் நிற்பதைப் பார்த்துவிட்டு என் காலடியில் குப்புறப் படுத்தாள். கன்னத்தைத் தரையில் வைத்து, குதிகாலுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள்.

“தூக்குங்கப்பா.”

“தூக்கிட்டுத்தான் இருக்கேன் கண்ணு.”

தொடை நடுங்கியது. நெற்றி வியர்த்துக் கண்ணில் இறங்கியது. நிச்சயம் ஒரு விரற்கடையாவது எழும்பியிருக்கும் என்று நினைத்தேன்.

“இல்லீங்கப்பா. ஒட்டிக்கிட்டேதான் இருக்குது.” அவள் எழவில்லை. “இன்னொருக்காப் பார்க்கட்டுங்களா?”

“வேண்டாம் கண்ணு” என்றேன். “உனக்கு கிளாஸுக்கு நேரமாச்சு. கெளம்பு.”