வேரத்தடிச் செங்கல்

மழை விட்ட மண்ணுக்குள் பழைய செங்கல் ஊறினால் ஒரு வாசம் வரும். கொஞ்சம் பாசியும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்த அந்த வாசத்துக்குள் குந்தியிருந்தே என் சின்ன வயதின் பாதி கழிந்தது. அது எங்கள் "பங்கர்" என்ற பதுங்குகுழியின் வாசம்.

நிலாவெளி வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் வீட்டு வளவு. அதன் பின்பக்கம் ஒரு பெரிய மேடும் சில சின்ன மேடுகளும், சுற்றிவர முறிந்த கல்தூண்களும் கிடந்தன. பெரிய மேட்டைக் கவ்விப் பிடித்திருந்த ஆலமரத்தின் வேர்கள் செங்கற்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. ஊரார் அந்த இடத்தை "வேரத்தடி" என்றார்கள். வேர் இருக்கிறது, ஆகவே வேரத்தடி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நாங்களும் இருந்தோம்.

துறைமுகப் பக்கமிருந்து ஷெல் முழக்கம் கேட்கத் தொடங்கியபோது அப்பா கிணற்றடியருகே பங்கர் வெட்டினார். மணல்மண், வெட்ட வெட்டச் சரிந்தது. தம்பி இடுப்பளவுக்கு மண்ணில் புதைந்த அன்று, அம்மா கடகப்பெட்டியை எடுத்துக்கொண்டு வேரத்தடிக்குப் போனார். மேட்டின் அடியில் ஒரு பூவை வைத்துக் கும்பிட்டுவிட்டு, விழுந்து கிடந்த கற்களை மட்டும் பொறுக்கினார். அப்பா பின்னாலேயே ஓடிவந்தார்.

"சாமிட கல்லை எடுத்துப் பங்கர் கட்டுறீரே, என்ன சாமியெண்டே தெரியாது."

"ஆரிட சாமியெண்டாலும் பிள்ளையள் மண்ணுக்க போறதைப் பாத்துக்கொண்டிராது."

அப்படித்தான் எங்கள் பங்கருக்குச் சுவர் வந்தது. அகலமான கற்கள். என் தலைமாட்டுக் கல்லில், அது காயுமுன் யாரோ விரலால் வளைத்து இழுத்த கோடு ஒன்று இருந்தது. ஷெல் விழும்போது அந்தக் கோட்டில் என் விரலை வைத்துக்கொள்வேன். அந்த நாட்களில் எதையும் முழுதாகச் செய்த நினைவே எனக்கில்லை. பாதிச் சோற்றில் எழும்பினோம், பாதிக் குளிப்பில் ஓடினோம், சத்தமில்லாத நாட்களில், அடுத்தது எப்போது என்ற பதற்றத்தில், அம்மா இன்னும் கூடுதலாக வாசல் படலைக்கும் கிணற்றடிக்கும் நடந்தார்.

ஒரு காலை இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்தது. பங்கருக்குள் இறங்கிய இளம் சிப்பாய் ஒருவன் கழன்ற கல் ஒன்றோடு மேலே வந்து, எங்கே எடுத்தது என்று கொச்சைத் தமிழில் கேட்டான். "வேரத்தடியில சேர்" என்றார் அப்பா.

"வெஹெர?" என்றான் அவன்.

சிங்களத்தில் அந்தச் சொல்லுக்குப் பௌத்த விகாரை என்று பொருள். காலங்காலமாக நாங்கள் விகாரையடி என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். வேரைக் காட்டி எங்களை நாங்களே ஏமாற்றியிருக்கிறோம்.

அவன் கல்லைப் பார்த்தான், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்தான். பிறகு கீழே இறங்கி, கல்லை இருந்த இடத்திலேயே செருகினான். "இனி எடுக்க வேணாம் அம்மா" என்றான்.

"போதும் தம்பி, இனித் தேவையில்லை" என்றார் அம்மா.

அன்று முதல் அப்பா வீட்டில் வேரத்தடி என்ற சொல்லைத் தடைசெய்தார். "வெறும் மேடெண்டு சொல்லுங்கோ. விகாரையெண்டு அரசாங்கத்தில ஆரும் எழுதினால் இந்த வளவு எங்களுக்கில்லை." ஆனால் எங்களை அங்கிருந்து எழுப்பியது எழுத்தல்ல, ஷெல். வீடு எரிந்தது; கிண்ணியாப் பக்கம் தெரிந்தவர்களிடம் ஒதுங்கிய நாங்கள் திரும்பவேயில்லை.

அண்மையில் மகளோடு போனேன். ஆலமரம் இல்லை. தொல்பொருள் துறையினர் மேடுகளைச் செப்பனிட்டு வேலி அடைத்திருக்கிறார்கள். எங்கள் வளவும் வேலிக்குள்தான். அப்பா பயந்தது சரி, அதைப் பார்க்கத்தான் அவர் இல்லை. வீடிருந்த இடத்தில் புல். கிணற்றடியருகே மட்டும் செங்கல் கட்டிய ஒரு பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, சின்னப் பலகை நட்டிருந்தார்கள்: "புராதன கட்டடப் பகுதி. பயன்பாடு அறியப்படவில்லை."

குனிந்து பார்த்தேன். என் தலைமாட்டுக் கல்லில் அந்த விரல்கோடு அப்படியே இருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கையை நீட்டினேன், "தொட ஏலாது மிஸ்" என்றார் காவலாளி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தெரியாதாமோ? பிள்ளையள் இருந்த இடமெண்டு எழுதச் சொல்லு."