நாலாவது நட்டு

1. பூஜை நாளில் வந்த வண்டி

ஆயுத பூஜை அன்று பகல் பன்னிரண்டரை இருக்கும். கும்மிடிப்பூண்டியில், கல்கத்தா ரோட்டை ஒட்டிய எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நான் மட்டும் இருந்தேன். அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தி நாலு வயது. முதலாளியை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். காலையில் பூஜையை முடித்துவிட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்: "டேய், நாளைக்கி காலைல தேங்கா உடைக்கிறவரைக்கும் ஒரு ஸ்பேனரையும் தொடக்கூடாது, புரியுதா? கடைய பாத்துக்கினு குந்து."

நான் தொடுவேனா? முந்தின நாள் முழுக்க கிருஷ்ணாயிலில் கழுவித் துடைத்து, பெஞ்சு மேல் வரிசையாக அடுக்கியதே நான்தான். ரிங் ஸ்பேனர் செட்டு, பாக்ஸ் ஸ்பேனர் செட்டு, சுத்தி, உளி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் பொரி கடலை. முந்தின வருஷம் பூஜையில் இருந்த சுத்தியை எடுத்த ஒரு டிங்கர், மறுநாளே கட்டைவிரலை நசுக்கிக்கொண்டான் என்று நைனா வாய் ஓயாமல் சொல்லுவார். எனக்குச் சாமி பயம் கொஞ்சம், நைனா பயம் நிறைய.

அப்போதுதான் ஒரு பழைய இங்கிலீஷ் கார் பின்பக்க டயர் பஞ்சராகி வாசலில் வந்து நின்றது. ஆரம்பாக்கத்து ரைஸ் மில்காரருடைய வண்டி. டிரைவர் பாபு எனக்குப் பழக்கம். பின் சீட்டில் அந்த மில் வீட்டில் சமையல் செய்கிற முனியம்மா. மடியில் ஒரு தூக்குச் சட்டி.

"ஸ்டெப்னி கீதுப்பா, வீல் ஸ்பேனர் இல்ல. மில்லுலயே வுட்டுட்டேன்" என்றான் பாபு. "இந்த அம்மாவோட பையன் மலேயா போறான். நாலு மணிக்கு கப்பலு. ஹார்பருக்குப் போவணும்னு மில்காரரு வண்டிய குட்த்துவுட்டாரு."

முனியம்மா இறங்கி வந்தார். மகன் ஆறு மாதம் முன்னால் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். கப்பல் ஏறுகிற சேதியே முந்தின நாள்தான் கார்டில் வந்ததாம். "கப்பல் ஏறக்கொள்ளோ ஒருவாட்டி மொகத்த பாத்துட்டு வந்துட்றேன்பா. எத்தினி வருஷமாவுமோ திரும்பி வர்றதுக்கு" என்றார்.

2. பல்லு போன ஸ்க்ரூ ஸ்பேனர்

இளைய மெக்கானிக்குகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியில் ஸ்பேனர் பொருந்துவதுதான் பாதி வேலை. அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டியின் நட்டு அளவு ஒன்று, அப்புறம் வந்த வண்டிகளின் அளவு வேறு. கொஞ்சம் பெரிய வாய் ஸ்பேனரைப் போட்டாலும் ஏறிவிடும், சுற்றுவது மாதிரியும் இருக்கும். அழுத்தம் கொடுக்கும்போதுதான் மூலையை வழித்துக்கொண்டு வரும். இறுகிப்போன நட்டுக்கு ஆறு மூலையையும் பிடிக்கிற ரிங்கோ பாக்ஸோதான் போட வேண்டும். அந்த நட்டுக்குச் சரியான பாக்ஸ் ஸ்பேனர் பெஞ்சு மேல், குங்குமப் பொட்டோடு இருந்தது.

முனியம்மாவும் அதைப் பார்த்தார். "அத்த தொடாதப்பா. புள்ள கடல் மேல போறான். சாமி குத்தம் ஆயிடப்போவுது" என்று அவரே சொன்னார்.

பாபுவின் டிக்கியில் ஒரு பழைய ஸ்க்ரூ ஸ்பேனர் கிடந்தது, திருகித் தாடையை அகட்டிக் குறுக்குகிற வகை. தாடை ஆடுகிறது, பல்லு பாதி போய்விட்டது. அதை வாங்கிக்கொண்டேன். பக்கத்து சைக்கிள் கடையில் கேட்கலாம் என்றால் அங்கேயும் எல்லாம் பூஜையில். என்ன பெரிய நட்டு என்று நினைத்தேன். காலை விட்டுவிட்டுத்தான் ஆழம் பார்க்கிற வயசு.

மூன்று நட்டு கழன்றது. மூக்கால் அழவைத்தாலும் கழன்றது. அந்தத் திமிரில் நிமிர்ந்தபோது ஒரு மணி மெட்ராஸ் பஸ் வந்தது. முனியம்மா தூக்குச் சட்டியோடு எழுந்தார். "நான் இதுல போயிடட்டுமாப்பா?"

"குந்தும்மா. ஒன்னே ஒன்னுதான். அஞ்சு நிமிஷம்" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். பஸ் போய்விட்டது.

நாலாவது நட்டு வருஷக்கணக்காகத் திறக்காதது. துரு. அதற்கு முறை இருக்கிறது. கிருஷ்ணாயிலை ஊற்றி ஊறவிட வேண்டும், சுத்தி பூஜையில் இருந்தால் ஒரு கல்லாலாவது நட்டின் தலையில் நேராகத் தட்டித் துருவை உதறவிட வேண்டும், முதலில் கொஞ்சம் இறுக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு தளர்த்த வேண்டும். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். நான் எதையும் செய்யவில்லை. ஸ்பேனர் பிடியில் ஒரு பைப்பைச் சொருகி, அதன் மேல் ஏறி நின்று மிதித்தேன். தாடை நழுவியது. நான் ரோட்டில் விழுந்தேன். எழுந்து பார்த்தால் நட்டுக்கு இரண்டு மூலை வழுக்கையாக இருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். பாபு, "இன்னாச்சி?" என்றான். "ஒன்னுமில்ல, துரு" என்றேன். இன்னும் நாலு தடவை மிதித்தேன். நட்டு உருண்டையாகிவிட்டது.

3. ரெண்டு மணி பஸ்

இரண்டு மணி பஸ் தூரத்தில் வரும்போது முனியம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். பெஞ்சைக் காட்டினார்.

"அத்த எடுத்தா கயண்டுடுமாப்பா?"

நான் நட்டை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"அப்டினா எடுத்துக்கோ. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். என் தலைமேல போட்டுக்கிறேன்."

இனிமேல் அதை எடுத்தும் பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும். பிடிக்க மூலை இருந்தால்தானே பாக்ஸ் ஸ்பேனர். 'அம்மா, நான் நட்டைக் கெடுத்துவிட்டேன், நீ பஸ்ஸில் போ' என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு வார்த்தை. வாய் வரவில்லை. ஐந்து வருஷ மெக்கானிக் ஒரு சமையல்காரம்மாவிடம் போய் அதைச் சொல்வதா?

"வேணாம்மா, சாமி குத்தம். இதோ இதுலயே வந்துடும்" என்றேன். பஸ் நின்றது, ஆள் ஏற்றியது, கிளம்பியது.

இரண்டே முக்காலுக்கு நைனா வந்தார். நட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெஞ்சிலிருந்து உளியையும் சுத்தியையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் நட்டைப் பிளந்து எடுத்தார். ஸ்டெப்னியை மாட்டி, மூன்று நட்டிலேயே வண்டியை அனுப்பிவைத்தார். "பாத்து ஓட்டு, வழியில நிறுத்தி நிறுத்தி டைட் பாரு" என்று பாபுவிடம் சொன்னார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

"பூஜைல கீறத எடுக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன்.

"ஊரு வேலைக்கி எடுக்கக்கூடாதுன்னேன். ஒரு தாயி வந்து நின்னாக்கூடவாடா? வந்து கேட்டிருந்தா நானே எடுத்துக் குட்த்திருப்பேனே. என் ஊடு இன்னா காசியிலயா கீது?" என்றார். வீடு நாலு கடை தள்ளித்தான். அவரிடம் போய்க் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

4. திரும்பி வந்தபோது

சாயங்காலம் ஆறரைக்கு வண்டி திரும்பி வந்தது. பாபு பஞ்சரான டயரை, மறுநாள் ஒட்டிவைக்கச் சொல்லி இறக்கிப்போட்டான். முனியம்மா இறங்கி என்னிடம் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கப்பலு பூட்ச்சிப்பா. தூரத்துல பொகை மட்டும் தெரிஞ்சிச்சி. நானும் கைய ஆட்டினேன். அவனுக்கு எங்க தெரியப்போவுது" என்றார். தூக்குச் சட்டியை நீட்டினார். "அவனுக்கு செஞ்சிக்கினு போன அதிரசம். நீ சாப்புடு. மத்தியானத்துலேர்ந்து பட்டினியா மல்லுக்கட்டினியே."

நான் வாங்கிக்கொண்டேன். அப்புறம் அவர் சொன்னார்: "நானே எடுன்னு சொன்னதுக்குக்கூட சாமி குத்தம்னு தொடல பாரு, நீ நல்லா இருப்ப. அந்தப் புண்ணியத்துல என் புள்ள பத்திரமா போய்ச் சேருவான்."

அந்த நிமிஷம்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்.

பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தேன். எத்தனையோ நட்டு என் கையில் வழுக்கியிருக்கிறது, எத்தனையோ போல்ட்டு ஒடிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் உடனே எழுந்துபோய் வண்டிக்காரரிடம் சொல்லிவிடுவேன்: "சார், என் கையில கெட்டுப்போச்சு, இவ்வளவு நேரம் ஆகும், அவசரம்னா வேற வழி பாத்துக்குங்க." சிலர் திட்டினார்கள். சிலர் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும். ஸ்பேனர் பிடிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்: கெடுத்துவிட்டால் பஸ் வருவதற்குள் சொல்லிவிடுங்கள்.

ஆரம்பாக்கம் அங்கிருந்து ரொம்ப தூரம் இல்லை. சைக்கிளிலேயே போயிருக்கலாம். அந்த அம்மா உயிரோடு இருந்த வரை நான் போகவில்லை.