'வீட்டம்மாவுக்கு' என்று எழுதிய கவர்

என் மேசையின் இழுப்பறையில், ரப்பர் ஸ்டாம்புகளுக்கும் காய்ந்துபோன இங்க் பேடுக்கும் அடியில், ஒரு பழுப்புக் காகிதக் கவர் கிடக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. மேலே என் கையெழுத்தில் 'வீட்டம்மாவுக்கு' என்று எழுதியிருக்கும். இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் கையில் தட்டுப்படும். தூக்கிப் போட மனம் வராமல் மறுபடி அடியிலேயே வைத்துவிடுவேன். அதைப் பார்த்தால் கடலூரிலிருந்து வந்துகொண்டிருந்த மீன்பிடி போட்டு டிரைவர் ஞாபகத்துக்கு வருவார். கூடவே ஒரு அலுப்பும் வரும். அவர்மேல் இல்லை, என்மேல்.

சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். இந்த வேலையில் நான் முதலில் தெரிந்துகொண்டது, நீர்க்கடுப்புக்கு எந்த ஆம்பளையும் சொந்த ஊரில் வைத்தியம் பார்த்துக்கொள்ள மாட்டான் என்பதுதான். கடலூர்க்காரர்கள் பஸ் ஏறிச் சிதம்பரம் வருவார்கள். சிதம்பரத்துக்காரர்கள் அதே ரோட்டில் கடலூர் போவார்கள். பாதி வழியில் இரண்டு பஸ்ஸும் கடந்துபோகும்போது இவனும் அவனும் ஒருத்தனையொருத்தன் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று டாக்டரிடம் வேடிக்கையாகச் சொல்வேன். அவர் சிரிக்க மாட்டார். அப்படி வருகிறவர்கள் கூட்டம் குறையும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்து, பிறகு என் பக்கத்தில் வந்து குனிந்து, "உடம்பு சூடு" என்பார்கள்.

டிரைவரும் அப்படித்தான் வந்தார். கடலூர் பக்கத்து மீனவ கிராமம். விசைப்படகு ஓட்டுகிறவர். நாற்பதை நெருங்கும் வயது. மீன் வாடை தெரியக் கூடாதென்று கழுத்து வெளுக்கப் பவுடர் போட்டிருந்தார். "இன்ஜின் பக்கத்துலயே உக்காந்து உக்காந்து சூடு ஜாஸ்தி ஆயிடுச்சி சார். எளநி குடிச்சேன், வெந்தயம் ஊறவச்சி குடிச்சேன், எண்ண தேச்சிக் குளிச்சேன். ஒன்னும் கேக்கல. ஒன்னுக்குப் போனா நெருப்பா எரியுது" என்றார். காலையில் ஜட்டியில் கறை படுவதை மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தரை துடைக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து கழுவிக்கொண்டிருக்கிறார் என்பதும் பேச்சோடு பேச்சாக வெளியே வந்தது.

டாக்டர் சோதனை செய்து பார்த்துவிட்டு, இது சூடு இல்லை, சிறுநீர் வரும் குழாயில் கிருமி தொற்றிப் புண்ணாகியிருக்கிறது, இது சேர்க்கையால் ஒட்டுவது என்று சொன்னார். வேறு துறைமுகத்தில் தங்கித் தொழில் செய்தபோது ஒரு தடவை தவறிப் போனதை டிரைவர் மறைக்கவில்லை. எரிச்சல் நின்றுவிட்டதென்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது, கசிவு நின்றுவிட்டதா என்று உறுப்பை அழுத்தி அழுத்திப் பார்க்கக் கூடாது, அந்த மருந்துத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், வீட்டம்மாவும் அதே நாளில் மாத்திரையைத் தொடங்க வேண்டும், இருவரும் முடிக்கும்வரை சேரக் கூடாது, மூன்று வாரம் கழித்து வந்து காட்ட வேண்டும். எல்லாவற்றையும் டாக்டர் நிதானமாகச் சொன்னார். மனைவிக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, முழுகாமல் இருக்கிறாரா என்றும் கேட்டார். "இல்ல சார். கல்யாணமாயி ஏழு வருஷம் ஆச்சி, இன்னும் கொழந்த இல்ல. அதுவும் திருவதிகை கோயிலுக்கு வேண்டிக்கிட்டுப் போய்ட்டு போய்ட்டு வருது" என்றார். நான் இரண்டு கவர் போட்டேன். ஒன்றில் அவர் பெயர். இன்னொன்றில் 'வீட்டம்மாவுக்கு'.

மூன்று வாரத்தில் அவர் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தார். மறுபடியும் அதே எரிச்சல், அதே கறை. "திரும்பவும் போனீங்களா?" என்று நான்தான் கேட்டேன். "கடலம்மா மேல சத்தியமா இல்ல சார்" என்றார். இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எத்தனையோ பேர் செய்த சத்தியத்தைக் கேட்டிருக்கிறேன். அதில் ஒன்றாகத்தான் இதையும் எடுத்துக்கொண்டேன். அன்று கூட்டம் நெரிந்தது. டாக்டர் அவசரமாக வேறு மருந்து எழுத, நான் மறுபடி இரண்டு கவர் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் முறை அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "துறைமுகத்துக்குத் துறைமுகம் ஒரு வீடு வச்சிருக்கீங்களா டிரைவரே?" என்றேன். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். அந்த நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

நான் கேட்காத கேள்வியை அன்று டாக்டர் கேட்டார். "வீட்டம்மா எத்தனை நாள் மாத்திரை சாப்பிட்டாங்க?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்: "குடுக்கல சார். கவர்லயே எழுதி இருக்குது. எடுத்து நீட்டுனா எதுக்குன்னு கேக்கும். நான் இன்னா சொல்லுவேன்? போட்டுல போவும்போது திரும்ப எரிஞ்சுது, அதையும் நானே முழுங்கிட்டேன். ரெண்டு தடவையும் அப்படித்தான். வீட்லதான் ஒன்னும் இல்லியே சார், நல்லாத்தான இருக்குது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பெண்களுக்கு வெளியே ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், ஆனால் கிருமி உள்ளே ஏறிக் கருக்குழாயைக் கெடுத்துவிடும் என்றார். "நோய நீங்கதான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தீங்க. இங்க வந்து சரி பண்ணிக்கிறீங்க, வீட்டுக்குப் போய்த் திரும்ப வாங்கிக்கிறீங்க. உங்கள நான் நம்புறேன். நீங்க எங்கயும் போகல." அந்த 'நம்புறேன்' என்ற வார்த்தையைக் கேட்டதும் டிரைவர் அழுதுவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சமாளிக்கிற மாதிரி, கவரில் 'சத்து மாத்திரை' என்று எழுதிக் கொடுத்துவிடலாமே என்றேன். "அவங்க உடம்புக்குள்ள போறது என்னன்னு அவங்களுக்குத் தெரியணும்" என்றார் டாக்டர். அன்று இரண்டாவது கவர் போடவில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் மருந்து என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்து இருவரும் வந்தார்கள். வழியில் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அந்தம்மா பெஞ்சின் ஒரு முனையில், இவர் மறு முனையில். டாக்டர் அறைக்குள் போய் வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்கள். அந்தம்மாவின் கண்கள் சிவந்திருந்தன, குரல் மட்டும் உடையவில்லை. குழந்தை விஷயம் கேட்டதற்கு, முதலில் இது சரியாகட்டும், பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

"மூணு தடவ இந்த ஊருக்குப் பஸ் ஏறி வந்திருக்க. ஒரே வீட்ல இருக்கிற எங்கிட்ட வர ஒனக்கு வழி தெரியல" என்று புருஷனிடம் சொன்னார். சத்தம் போடவில்லை. வெறும் களைப்பாகத்தான் சொன்னார்.

நான் பழக்க தோஷத்தில் இரண்டு கவரை எடுத்து, ஒன்றில் அவர் பெயரும் இன்னொன்றில் 'வீட்டம்மாவுக்கு' என்றும் எழுதி மாத்திரையைப் போட்டு நீட்டினேன். அந்தம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, கவரை மேசைமேல் திருப்பி வைத்தார்.

"அவுருக்குப் பேரு எழுதி இருக்கீங்க. எனக்குப் பேரு இல்லியா சார்?"

அதுவரை அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. மூன்று சீட்டும் டிரைவர் பெயரில்தான் போட்டிருந்தேன். கேட்டேன், சொன்னார். வேறு கவர் எடுத்து எழுதி, மாத்திரையை அதில் மாற்றிக் கொடுத்துவிட்டு, காலியான கவரை இழுப்பறையில் போட்டேன். முதல் மாத்திரையை அங்கேயே, எங்கள் பானைத் தண்ணீரை வாங்கி, புருஷன் எதிரிலேயே விழுங்கினார். அவரும் அவருடையதை விழுங்கினார்.

மூன்று வாரம் கழித்து இருவரும் சேர்ந்தே வந்து காட்டினார்கள். இருவருக்கும் சுத்தமாகிவிட்டது. அன்று டிரைவரிடம், உங்களைத் தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். கூட்டமாக இருக்கிறது, அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த நோய்க்கு அடுத்த தடவை இல்லை; அவர்கள் பிறகு வரவே இல்லை. ஸ்கேனுக்கு வேறு எங்காவது போனார்களா, குழந்தை பிறந்ததா, ஒன்றும் தெரியாது.

போன வாரம் கடலூரிலிருந்து ஒருவர் வந்தார். கொஞ்ச வயதுதான். உடம்பு சூடு என்றார். டாக்டர் பார்த்து முடித்ததும் இரண்டாவது கவரை எடுத்துவைத்துக்கொண்டு, "வீட்ல பேரு என்ன?" என்றேன். "அவுங்களுக்கு ஒன்னும் இல்ல சார்" என்றார். எத்தனை பேரிடம் இதே பதிலைக் கேட்டாயிற்று. பேனாவைக் கீழே வைக்காமல் மறுபடியும் கேட்டேன். மெதுவாகச் சொன்னார். எழுதினேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். தலையாட்டினார்.

அவர் போனபிறகு இழுப்பறையில் அந்தப் பழைய கவரைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எழுத்து மங்கிவிட்டது. டிரைவர் ஒரு நாள் வாசலில் செருப்பைக் கழற்றுவார், எழுந்து போய், தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று இத்தனை நாளும் இருந்திருக்கிறேன். குணமானவருக்கு இங்கே என்ன வேலை?